காலையில் நாலைந்து முறை தடுமாறிய பிறகே எழும் பழைய மீடியா பிசி: விண்டோஸை மறுபடி போடலாமா?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். ஹாலில் டிவிக்குக் கீழே ஓடுகிற பெட்டி இது. எச்61 மதர்போர்டு, ஐ3-2100 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு. 120 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10, அதில் கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர். படங்கள் எல்லாம் 4 டிபி யூஎஸ்பி டிஸ்க்கில். எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பிசி வாங்கியபோது கூடவே வந்தது, 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. இரவு படுக்கும்போது சுவர் ஸ்விட்ச்சையே அணைத்துவிடுவது வழக்கம்.

காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் இரண்டு வினாடி சுற்றி நிற்கிறது, தானாகவே மறுபடி சுற்றி நிற்கிறது. நாலைந்து முறை இப்படி ஆன பிறகே எழுகிறது. மதியம் அணைத்து உடனே போட்டால் ஒரே அழுத்தில் வந்துவிடும். எழுந்த பிறகும் தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அதைத் தாண்டினால் பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் சொந்த செட்டிங் திரையில்) எஸ்எஸ்டியை முதலில் வைத்தால் விண்டோஸ் லோகோ வந்து நீலத்திரை: 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்'. ரேமை ரப்பரால் துடைத்து மாட்டியாயிற்று, மாற்றமில்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா? விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா?

செம்புக்கம்பி:

விண்டோஸில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன. நீலத்திரை இரண்டாவதன் விளைவு மட்டுமே.

முதல் பழுது எஸ்எம்பிஎஸ். குளிர்ந்திருக்கும்போது எழாமல் சூடானபின் எழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதற்குள் இருக்கும் கெபாசிட்டர்களைத்தான். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வருடக்கணக்கில் உள்ளே உலர்ந்து, அதன் உள்மின்தடை ஏறிவிடும். குளிரில் அந்தத் தடை இன்னும் கூடும். போர்டு திடீரென்று கரண்ட் இழுக்கும்போது வோல்ட் சரிகிறது, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. நாலு முறை முயன்றதில் கொஞ்சம் சூடேறி, ஐந்தாவது முறை பிடித்துக்கொள்கிறது. சுவர் ஸ்விட்ச் போட்டதும் ஒரே ஒரு முறை ஆன் ஆகி நின்று மறுபடி எழுவது பல போர்டுகளில் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். நாலைந்து முறை இயல்பல்ல.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய 24 பின் கனெக்டர் போர்டில் மாட்டியபடியே இருக்கட்டும். கறுப்பு முனையை ஏதாவதொரு கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா ஒயரிலும் (பிசி அணைந்திருக்கும்போதும் வரும் ஸ்டாண்ட்பை கரண்ட் இதில்தான்) செருகுங்கள். சுவர் ஸ்விட்ச் போட்டவுடனே 5 வோல்ட் வர வேண்டும். பட்டனை அழுத்தும் நொடியில் அது 4.75க்குக் கீழே போகக்கூடாது. பிறகு மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். சாம்பல் நிற ஒயர் மற்ற வோல்ட்டுகள் நிலைத்ததும் 5 வோல்ட்டுக்கு ஏறி நிற்க வேண்டும். அது ஏறி ஏறி விழுந்தால் எஸ்எம்பிஎஸ்தான் கைவிடுகிறது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேராக்கிய 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே பெரிய கெபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம்.

பொதிகைத்தென்றல்:

இரண்டாவது பழுதை நான் சொல்கிறேன். தேதி 2011க்குப் போவது சிமாஸ் பேட்டரி (பயாஸ் செட்டிங்கையும் கடிகாரத்தையும் காக்கும், போர்டிலுள்ள பட்டன் பேட்டரி) தீர்ந்ததால். சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் பயாஸ் நினைவையும் கடிகாரத்தையும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை கரண்டே தாங்கிக்கொள்ளும். நீங்கள் இரவெல்லாம் சுவரில் அணைத்துவிடுவதால் அத்தனை மணி நேரமும் அந்தச் சின்ன பேட்டரிதான் சுமக்கிறது. அது தீர்ந்ததும் ஒவ்வொரு காலையும் பயாஸ் ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்புகிறது.

அந்த ஃபேக்டரி செட்டிங்கில்தான் உங்கள் நீலத்திரை இருக்கிறது. எச்61 போர்டுகள் பலவற்றில் சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்ற பழைய முறையிலேயே தொடங்கும். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ என்ற புதிய மோடில் போடப்பட்டிருக்க வேண்டும். மோடு மாறியதும், டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவரை ஏற்றாமலேயே விண்டோஸ் எழப் பார்க்கிறது, டிஸ்க் கிடைக்காமல் நீலமாகிறது. எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். லோகோ வரை வந்ததே அதற்குச் சான்று.

பேட்டரி சிஆர்2032. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வடித்துவிட்டு, பக்கத்திலுள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் துள்ளி வெளியே வரும். கூட்டல் குறி மேலே பார்த்தபடி புதியதை வையுங்கள். கடையில் வாங்கும்போதே மீட்டர் வைத்துப் பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. வருடக்கணக்கில் கிடந்த பேட்டரிகளும் பளபளவென்று அட்டையில் தொங்கும்.

பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கி, எஸ்எஸ்டியை முதல் பூட் ஆக்கி எஃப்10ல் சேமியுங்கள். தேதியை விட்டுவிடாதீர்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாது என்று கோடியின் ஆட்-ஆன்கள் ஒன்றும் இணையத்தோடு பேசாது, அதைத் தனிப் பிரச்சினை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நடுவில் விண்டோஸ் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரைக்குப் போனால் ரீசெட் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அணைத்துவிட்டு மோடை மாற்றினால் போதும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். ஊதாவில் சும்மா இருக்கும்போது 4.96, அழுத்தும் நொடியில் 4.3க்கு விழுகிறது. பேட்டரி 2.1 வோல்ட். புதிய பேட்டரி போட்டு ஏஎச்சிஐ மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது, நீலத்திரை இல்லை. காலைத் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வாங்க வேண்டும்? இன்னொன்று: யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தால் சில நாள் போர்டின் லோகோவிலேயே உறைகிறது.

செம்புக்கம்பி:

4.3 என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஐ3-2100 65 வாட் சிப். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்தப் பெட்டி முழு வேகத்திலும் 100 வாட்டைத் தாண்டாது. நேர்மையான 300 அல்லது 400 வாட் தாராளம். லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 450 வாட் என்று பெரிதாக எழுதி 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மட்டும் கொடுத்திருந்தால், உண்மையில் அங்கே கிடைப்பது 180 வாட்தான். வாங்கும் முன், முடிந்தால் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு காலை ஓட்டிப் பாருங்கள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், சிற்றலையை, அதாவது வோல்ட்டின் வேகமான சிறு ஏற்ற இறக்கத்தை, காட்டாது. மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

மாட்டும்போது 24 பின்னோடு சிபியு பக்கத்திலுள்ள 4 பின் கனெக்டரையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது, போர்டே போய்விட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். கையோடு போர்டின் மேல் கெபாசிட்டர்களையும் பாருங்கள். தலை உப்பியோ அடியில் பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் புது எஸ்எம்பிஎஸ் நீண்ட நாள் உதவாது. இந்த வயதுப் போர்டுக்கு அந்தச் செலவு செய்ய வேண்டாம் என்பேன்.

பொதிகைத்தென்றல்:

யூஎஸ்பி உறைவதற்குக் காரணம் பயாஸ்தான். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டதும் அதிலிருந்து பூட் செய்ய முடியுமா என்று துழாவி, சில பழைய பயாஸ்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பூட் வரிசையில் எஸ்எஸ்டியைத் தவிர எல்லாவற்றையும் டிசேபிள் ஆக்குங்கள். 'லெகசி யூஎஸ்பி'யை மட்டும் யோசிக்காமல் அணைக்காதீர்கள், யூஎஸ்பி கீபோர்டு பயாஸுக்குள் வேலை செய்யாமல் போகலாம். அப்போதும் உறைந்தால் டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். எச்61 சிப்பில் யூஎஸ்பி 3 கிடையாது, நீல போர்ட் இருந்தால் அது தனி சிப்பில் ஓடுவது. டிஸ்க்கை அதில் செருகினால் பல போர்டுகளில் பயாஸ் அதைத் தொடாது, விண்டோஸ் எழுந்த பிறகே தெரியும்.

சுவர் ஸ்விட்ச் பற்றி: இடி மின்னல் நாட்களில் அணைத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள், ஆன்டெனா, லேன் ஒயர் உட்பட. மற்ற நாட்களில் ஆனிலேயே விட்டால் பேட்டரி வருடக்கணக்கில் நிற்கும். பயாஸில் இப்போது வைத்த செட்டிங்குகளை ஃபோனில் ஒரு படம் எடுத்து, அச்சிட்டுப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவையுங்கள்.