கரண்ட் வந்தால் பேய் பிடிக்கும் டச்பாட்

போன வருடம் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பெரியப்பா, தன் பழைய லப்டொப்பை என்னிடம் விட்டுவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். ஜெர்மன் கீபோர்ட், இசட்டும் வையும் இடம் மாறிக் கிடக்கும். அது இரண்டு நாளில் பழகிவிட்டது. விண்டோஸ் அதில் ஏறக் கஷ்டப்பட்டதால் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். டச்பாட் (விரலால் கர்சரை நகர்த்தும் தட்டு) கரைச்சல் அன்றைக்குத் தொடங்கியது.

உண்மையில் இருந்தது இரண்டு கோளாறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மூன்று இரவைத் தொலைத்தேன்.

முதலாவது, மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தால் டச்பாட் செத்துக் கிடக்கும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) டச்பாடை ஓட்டும் பிஎஸ்மவுஸ் என்ற மென்பொருள் மொடியூலைக் கழற்றி மறுபடி ஏற்றினால் உயிர் வரும், அடுத்த முறை மூடும்வரை. டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துக் லினக்ஸின் மையமான கேர்னல் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். இந்த டச்பாட் வேறொரு பஸ்ஸிலும் (தரவு போகும் வழியிலும்) பேசக்கூடியது, சினாப்டிக்ஸ் இன்டர்டச் என்ற அமைப்பை 1 ஆக வைத்துப் பார் என்று அதுவே எழுதியிருந்தது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 என்ற பழைய மவுஸ், கீபோர்ட் வழியில்தான் இந்தச் சாமான் இன்னமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலின் கோப்பில் அதைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு மூடித் திறந்து சாகவே இல்லை. ஆனால் சில லப்டொப்களில் இது தலைகீழ், 1 வைத்தால்தான் சிக்கல், 0 வைத்தால் சரியாகும். அதனால் எடுத்த எடுப்பில் கோப்பைத் திருத்தாதீர்கள். கிரப் மெனுவில் ஈ எழுத்தை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பிழையாகப் போனாலும் அடுத்த பூட்டில் அது தானாகவே நீங்கிவிடும்.

இரண்டாவதுதான் பேய். விரலைச் சும்மா வைத்திருந்தாலே கர்சர் துள்ளும், தானாகக் கிளிக் விழும். ஒருமுறை பாதி எழுதிய மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தேவிட்டது. "உந்த லினக்ஸைத் தூக்கி எறிஞ்சுபோட்டு விண்டோஸைப் போடடா" என்றான் மச்சான். பெரியப்பாவிடம் கேட்டால், "நான் ஆறு வருசம் பாவிச்சனான், ஒரு குறையும் இல்லை" என்றார். அதைக் கேட்டதும் எனக்கும் லினக்ஸ் மேல்தான் சந்தேகம் வந்தது. பழைய சினாப்டிக்ஸ் டிரைவரைப் போட்டேன், எடுத்தேன். உணர்திறனைக் கூட்டினேன், குறைத்தேன். டச்பாடும் கீபோர்டும் அனுப்புவதை லினக்ஸில் கையாளும் லிப்இன்புட்டின் டூல்ஸைப் போட்டு, வருவதை வரிவரியாகக் காட்டும் டீபக் ஈவென்ட்ஸை ஓடவிட்டு, ஒற்றை விரலை அசைக்காமல் வைத்தேன். வரிகள் மழைபோலக் கொட்டின. அதாவது டெஸ்க்டொப்பில் பிழை இல்லை. டச்பாடே அப்படித்தான் சொல்கிறது.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் நின்றது. இருட்டில் பற்றரியில் ஓடிய திரையைப் பார்த்தால் வரிகள் நின்றிருந்தன. விரல் அப்படியே இருக்கிறது, கர்சர் கல்லுப்போல நிற்கிறது. அரை மணித்தியாலம் ஒரு துள்ளல் இல்லை. கரண்ட் வந்து மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றவில்லை, மறுபடி கொட்டத் தொடங்கியது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சார்ஜர் குத்தியிருக்கும்போது கை வைக்கும் உலோகத் தட்டில் மணிக்கட்டைத் தடவினால் எறும்பு ஊர்வதுபோல ஒரு நமநமப்பு இருக்கும். வியர்வை என்று விட்டிருந்தேன்.

சார்ஜர் வயரை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மன் பிளக்கில் எர்த்துக்கென்று தனிக் கம்பி இல்லை. உருண்டைப் பிளக்கின் இரு பக்கத்திலும் உள்ள உலோகப் பட்டைகள்தான் எர்த், அவர்களுடைய சொக்கெட்டில் அதைப் பிடிக்கக் கிளிப் இருக்கும். நான் குத்தியிருந்ததோ எல்லாப் பிளக்கும் போகும் மல்ட்டி பிளக்கில். இரண்டு கம்பி உள்ளே, பட்டைகள் காற்றிலே. எர்த் இல்லாவிட்டால் சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாக லப்டொப்பின் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் நமநமப்போடு போகிறது. ஆனால் டச்பாட் வேலை செய்வதே விரல் பட்டால் மாறும் துளியளவு மின்கொள்ளளவை அளந்துதான். அந்த மின் இரைச்சலுக்குள் என் விரலை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பெரியப்பா சொன்னதும் பொய்யில்லை, அவர் வீட்டில் எர்த் இருந்தது.

கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் மூன்று சதுரக் கம்பிப் பிளக் உள்ள வயர் வாங்கி வந்தேன். என் அறையில் குத்தினால் அதே துள்ளல்! முன்விறாந்தையில் குத்தினால் பச்சைத் தண்ணிபோலச் சாது. வயறிங் செய்பவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். என் அறைச் சொக்கெட்டில் எர்த் ஓட்டை இருந்ததே தவிர, பின்னால் வயர் கொழுவியிருக்கவில்லை. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ.

*

மேலே உள்ளதை வாசித்தேன், எனக்கு நடந்தது வேறு. நான் சாவகச்சேரிப் பக்கம், ஆசிரியை. டச்பாடை அழுத்தினால் கிளிக் விழவில்லை, இடது மூலை இறுகிப்போய் இருந்தது. கேர்னலை மாற்று என்றார்கள், மாற்றினேன். உபுண்டு என்ற லினக்ஸையே புதிதாக இன்ஸ்டோல் செய்தேன். ஒருநாள் மேசையில் வைத்தபோது லப்டொப் நொண்டியது. அடிப்பக்கம் வீங்கியிருந்தது. பற்றரி ஊதி டச்பாடை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், துளைக்கவே கூடாது. உடனே நிறுத்திவிட்டுக் கழற்றக் கொடுங்கள். புது பற்றரி போட்டதும் கிளிக் திரும்பி வந்தது. இப்போது சீருந்துக்குள் வெயிலில் அதை விடுவதில்லை.

*

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிக்கிறேன். தமிழ் அடிக்கும்போது உள்ளங்கை பட்டுக் கர்சர் நான்கு வரி மேலே ஓடிவிடும். தட்டச்சின்போது டச்பாடை நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் போட்டபடிதான் இருந்தது, வேலை செய்யவில்லை. குற்றவாளி நானே. கப்ஸ் லொக்கை மாற்றுவதற்குக் கீடி என்ற நிரலைப் போட்டிருந்தேன். அது ஒரு மெய்நிகர் கீபோர்டை உருவாக்கி அதன் வழியாகத்தான் எழுத்துகளை அனுப்பும். அது லப்டொப்பின் சொந்தக் கீபோர்ட் என்று லிப்இன்புட்டுக்குத் தெரியாது, ஆகவே டச்பாடை நிறுத்தவும் மாட்டாது. லிப்இன்புட்டின் குவெர்க்ஸ் கோப்பில் (சாதனங்களின் விதிவிலக்குகளை எழுதும் இடம்) அந்தக் கீபோர்டை லப்டொப்பில் உட்பொருத்தியது என்று எழுதி வைத்த பிறகு சரி.

*

முதலாமவருக்கு: பெரியப்பாவுக்குக் காரணத்தைச் சொன்னீர்களா?

*

சொன்னேன். பாவம், அடுத்த முறை வரும்போது கிளிப் வைத்த நல்ல ஜெர்மன் மல்ட்டி பிளக் ஒன்று கொண்டுவருகிறாராம். அதை எதில் குத்துவது என்று நான் இன்னும் கேட்கவில்லை.