அறிவியல் சாகச நாயகர்களுக்கு வயதாக வேண்டுமா?

மெகாசிட்டி:
நண்பர்களே, இன்னொரு இழையில் நிலாப்பயணி, "ஹீரோவுக்கு நரைக்க ஆரம்பித்தால் அந்தத் தொடருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர் ஜட்ஜ் ட்ரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸும் ஆட்சியும் நீதிபதிகள் கையில் இருக்கும் எதிர்கால நகரத்தில் அவரும் ஒரு நீதிபதி. 1977 மார்ச்சில், '2000 ஏ.டி.' வார இதழின் இரண்டாவது இதழில் அறிமுகமானார். கதை நடந்த ஆண்டு 2099. அன்று முதல் நமக்கு ஒரு வருடம் கழிந்தால் அவருக்கும் ஒரு வருடம் கழிகிறது. கதைப்படி 2066-ல் குளோனாக, அதாவது இன்னொருவரின் மரபணு நகலாக, உருவாக்கப்பட்டவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். சகோதரன் ரிக்கோவின் மகள் வியன்னா சின்னப் பெண்ணாக வந்தாள், நம் கண்ணெதிரே பெரியவளானாள். செத்தவர்கள் பெரும்பாலும் செத்தவர்கள்தான். வேறு எந்தச் சாகசத் தொடரில் இப்படி ஒரு வாழ்நாளை வாரா வாரம் கூடவே நடந்து பார்த்திருக்கிறோம்?

நிலாப்பயணி:
எண்பது வயது என்கிறீர்கள். அந்த எண்பது எங்கே தெரிகிறது, சொல்லுங்கள். அதே ராட்சத பைக், அதே அடிதடி. கண் போனால் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். உடம்பு தளர்ந்தால் புத்துயிர் சிகிச்சை கொடுத்து அனுப்புகிறார்கள். காலண்டரில்தான் வயதாகிறது, ஆளுக்கு ஆகவில்லை. அப்படியானால் வயதே ஆகாத ஹீரோவுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

சாகசக் கதை என்பதே 'இன்னும் எல்லாம் முடியும்' என்ற நம்பிக்கைதான். 1950-ல் 'ஈகிள்' இதழில் விண்வெளி வீரர் டான் டேர் வந்தபோது பிரிட்டனில் ரேஷன்கூட முடியவில்லை. அதைப் படித்த பையன்களுக்கு, டேரைப் படைத்த ஓவியர் பிராங்க் ஹாம்ப்சன் வெள்ளிக்கிரகத்தைத் திறந்து காட்டினார். விண்கலங்களுக்கு மாதிரிகள் செய்து, ஆட்களை நிற்கவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்தார். அந்த டேரையே 1990-ல் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் என்ன செய்தார்? ஓய்வு பெற்ற கிழவராக, கையில் தடியோடு, ஒரு கட்சியின் தேர்தல் பிரச்சாரத்துக்கு முகமாக உட்காரவைத்தார். படித்து முடித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. முதுமையை ஹீரோவுக்குத் தண்டனையாகக் கொடுக்கிறார்கள். அதைத்தான் எதிர்க்கிறேன்.

பழைய இதழ்:
நிலாப்பயணி சொல்வதில் எனக்கு உடன்பாடு. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதான் ஆரம்பித்தது. மூலத்தில் அவர் லூயி கிராண்டெல், 1962-ல் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். இன்று என் பேரன் அந்த மறுபதிப்பை எடுத்தாலும் அதே மாயாவிதான் கிடைக்கிறார். அவருக்கு மூட்டுவலி வந்திருந்தால் யார் படிப்பார்கள்?

மெகாசிட்டி:
ஐயா, மாயாவி என்றும் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறே இல்லை. அவர் கதை எப்போதோ நின்றுபோனது. நான் கேட்பது, அரை நூற்றாண்டாக நிற்காமல் ஓடும் தொடரைப் பற்றி.

நிலாப்பயணிக்கு: வயதை நீங்கள் உடம்பில் தேடுகிறீர்கள். ட்ரெட்டிடம் அது மூளையில் இருக்கிறது. தொடக்கத்தில் சட்டம் சொன்னால் செய்கிற இயந்திரம் அவர். எண்பதுகளின் கடைசியில் சந்தேகம் வருகிறது. ஜனநாயகம் கேட்டவர்களை நாம் நசுக்கியது சரிதானா என்று குடைந்து குடைந்து, வேலையையே உதறிவிட்டு நகரத்தைவிட்டு நடக்கிறார். திரும்பி வந்ததும், மக்களே முடிவு செய்யட்டும் என்று வாக்கெடுப்புக்கு வழி செய்கிறார். பிறகு 2006-ல் 'ஆரிஜின்ஸ்' என்ற கதை. யாருடைய மரபணுவிலிருந்து இவரை உருவாக்கினார்களோ அந்த ஃபார்கோ, முதல் தலைமை நீதிபதி, சாகும் தறுவாயில், இந்த நீதிபதிகள் ஆட்சி நிரந்தரமாக இருக்க வேண்டியதல்ல என்கிறார். ஃபார்கோ வம்சத்திலேயே உருமாறிகள் (கதிர்வீச்சால் உடல் மாறிப் பிறந்தவர்கள்) இருப்பதும் தெரியவருகிறது. வாழ்நாளெல்லாம் உருமாறிகளை நகருக்கு வெளியே விரட்டிய ட்ரெட், அந்தச் சட்டத்தையே மாற்றப் போராடுகிறார். பலன்? தலைமை நீதிபதி ஹெர்ஷி பதவி இழக்கிறார், ட்ரெட்டைப் பாலைவனத்து உருமாறிக் குடியிருப்புகளுக்குத் தூக்கியடிக்கிறார்கள்.

முப்பது வயதில் நிறுத்திவைத்த ஹீரோவை வைத்து இதை எழுத முடியுமா? முப்பது வருடத் தவறு சேர்ந்தால்தானே அதைத் திருத்தும் கதைக்கு எடை வரும்!

தூரிகை:
வரைகிறவளாக ஒரு விஷயம். ட்ரெட் தலைக்கவசத்தைக் கிட்டத்தட்டக் கழற்றுவதே இல்லை. ஓவியருக்கு மிச்சம் இருப்பது வாயும் தாடையும் மட்டும்தான். அந்தக் கையகலத்தில்தான் இத்தனை வருடத்தையும் காட்டியாக வேண்டும். வாயோரக் கோடுகளைச் சிலர் ஆழமாக இழுக்கிறார்கள், சிலர் பூசி மறைத்துவிடுகிறார்கள். நிலாப்பயணியின் புகாரில் பாதி அந்த இரண்டாவது கூட்டத்துக்குப் போக வேண்டியது.

நீங்கள் இருவருமே தொடாத இன்னொரு வழி, காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் முகவர்களின் பிரெஞ்சு காமிக்ஸ் தொடரான வலேரியன். 1967-ல் 'பிலோத்' இதழில் எழுத்தாளர் கிறிஸ்தேனும் ஓவியர் மெசியரும் தொடங்கியது. நாயகன் வலேரியனும் அவன் கூட்டாளி லோரலினும் நரைப்பதே இல்லை. ஆனால் காலம் அவர்களை வேறு பக்கம் பிடித்தது. அறுபதுகளின் கடைசியில் வந்த கதையில், 1986-ல் பூமியில் பேரழிவு, நியூயார்க் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. நிஜமான 1986 நெருங்கி வந்துவிட்டது! ஆசிரியர்கள் நழுவவில்லை. 1985 ஆல்பத்தில் அழிவு தடுக்கப்படுகிறது, அதனாலேயே அவர்களுடைய எதிர்கால நகரம் கலாக்சிட்டி இல்லாமல் போகிறது. இருவரும் ஊரும் இல்லாமல் உத்தியோகமும் இல்லாமல் விண்வெளியில் கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிறார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, இழப்போ முழுசாக இருக்கிறது. 2010-ல் படைத்தவர்களே கதையை முடித்தார்கள், இருவரையும் சிறுவர்களாக்கி. அதை முதன்முதல் படித்தபோது அழுதேன்.

நிலாப்பயணி:
வலேரியன் என் கட்சிக்குச் சாட்சி என்றே எடுத்துக்கொள்கிறேன். முதுமை இல்லாமலே காலத்தின் சுமையைக் காட்டலாம் என்கிறீர்கள்.

தூரிகை:
இல்லை. முடிவு இருந்ததால்தான் காட்ட முடிந்தது. முடிக்கத் துணிவில்லாத தொடர்களைத்தான் நான் குறை சொல்வேன், ஹீரோவுக்கு வயது எதுவாக இருந்தாலும்.

மெகாசிட்டி:
டேர் விஷயத்துக்கு வருகிறேன். '2000 ஏ.டி.' முதல் இதழின் பெரிய ஈர்ப்பே டான் டேர்தான், ட்ரெட் அல்ல. இருநூறு வருடம் உறையவைத்து, வேறு முகம் கொடுத்து, இளமையாகவே எழுப்பிவந்தார்கள். 1979-லேயே அங்கே அந்தத் தொடர் நின்றது. அதே பத்திரிகையில் வயதான ட்ரெட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

நிலாப்பயணி:
நல்ல எழுத்தாளர் வாய்த்ததை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். ட்ரெட்டைப் படைத்த எழுத்தாளர் ஜான் வாக்னர் பல பத்தாண்டுகள் கூடவே இருந்தார், டேருக்கு அப்படி ஒருவர் அங்கே வாய்க்கவில்லை. 'ஆரிஜின்ஸ்' நான் படித்ததில்லை, வாங்கிப் படிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டுவைக்கிறேன்: தூரிகை சொன்ன அந்த முடிவை ட்ரெட்டுக்குக் கொடுப்பார்களா? வருடத்தை உண்மையாக எண்ணிவிட்டுச் சாவை மட்டும் தள்ளிப்போட்டால், அந்தக் கணக்கை நான் எப்படி நம்புவது?

மெகாசிட்டி:
கொடுக்க வேண்டும். நாளைக்கே கொடுத்தாலும் கடைசி இதழ்வரை வாங்குவேன்.