புதுப்பிப்பு: கிளப்பில் காணாமல் போகும் சப் பேஸ்
முன்பு கேட்டிருந்தது இதுதான்: ஹெட்ஃபோனில் அதிரும் டப்ஸ்டெப் டிராக், கிளப் சிஸ்டத்தில் ஏன் சப்பென்று ஆகிறது?

பெரும்பாலும் ஸ்டீரியோ சப்தான் (இடது வலதில் வேறுபடும் அடிமட்ட பேஸ்) காரணம். பல கிளப்களில் சப்வூஃபருக்கு இடது வலது கலந்த மோனோ சிக்னலே போகும். வைடனர் (ஒலியை இரு பக்கமும் அகலப்படுத்தும் எஃபெக்ட்) போட்ட பேஸில் இரு பக்கமும் எதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கும் நிலை) இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸை இரண்டாகப் பிரியுங்கள்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ சைன் (சுத்தமான ஒற்றை அலை) மட்டும்; வாபிள் (ஆடி அலையும் பேஸ் ஒலி), டிஸ்டார்ஷன் எல்லாம் மேல் லேயரில், அங்கேயே ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) போட்டு. எஃப் நோட் சுமார் 43.7 ஹெர்ட்ஸ், தாராளமாக அடிக்கும். சி வரை இறங்கினால் 32.7; சின்ன சிஸ்டங்கள் அங்கே கைவிரித்துவிடும்.

ஃபைலை 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள் (32 பிட் ஃப்ளோட்டைப் பல டிஜே பிளேயர்கள் தொடாது). யூஎஸ்பி ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கட்டும். பழைய பிளேயர்கள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டைப் படிக்காது.