மண்டபத்தின் 360 போட்டோ ஃபேஸ்புக்கில் சுழல மாட்டேன் என்கிறது. இன்ஸ்டாவில் என்ன செய்யலாம்?

மண்டபம்_பேஜ்:
வணக்கம். 800 பேர் உட்காரும் ஏசி கல்யாண மண்டபத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஸ்டா360 எக்ஸ்3 என்ற, சுற்றிலும் ஒரே படமாக எடுக்கும் கேமராவில் ஹால், டைனிங், மணமகள் அறை எல்லாம் எடுத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றினால் சுழலாமல், வளைந்த நீளப் படமாக நிற்கிறது. மணமேடை எங்கோ தூரத்தில் தெரிகிறது. சில படங்களில் பட்டை பட்டையாகக் கோடு வேறு. முகூர்த்த சீசனுக்குள் சரிசெய்ய வேண்டும். இதனால் விசாரிப்பு கூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கோணம்360:
சுழலாததற்குக் காரணம் வாட்ஸ்அப். 360 படத்தின் ஃபைலுக்குள் ‘இது ஈக்விரெக்டாங்குலர் படம்’, அதாவது சுற்றிலும் உள்ளதைத் தட்டையாக விரித்த படம், என்று சொல்லும் மெட்டாடேட்டா (மறைவான குறிப்பு) இருக்கும். ஃபேஸ்புக் அதைப் பார்த்துத்தான் சுழலும் வியூவரில் காட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் டிரைவ் லிங்க் வாங்குங்கள். லைட்ரூமில் கலர் சரிசெய்தால் எக்ஸ்போர்ட்டில் ‘ஆல் மெட்டாடேட்டா’ இருக்கட்டும். ‘காப்பிரைட் ஒன்லி’ என்றிருந்தால் அங்கேயும் போய்விடும். ஏற்கெனவே உதிர்ந்த படமென்றால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ‘புரொஜெக்‌ஷன் டைப்’ டேகைத் திரும்ப எழுதலாம். ஆனால் வாட்ஸ்அப் பிக்சலையும் குறைத்திருக்கும், அதனால் மூல ஃபைலே நல்லது.

அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும், 6000 × 3000 போல. கூரை வெறுமையாக இருக்கிறதென்று மேலே கொஞ்சம் வெட்டினாலே கணக்கு கெட்டுவிடும். ஏற்றும்போது ஆரம்பக் கோணத்தை மணமேடைப் பக்கம் வையுங்கள். பலர் விரலால் இழுக்கவே மாட்டார்கள். முதலில் தெரிவது வெறும் தூண் என்றால் அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

லென்ஸ்_லைட்:
மேடை தூரமாகத் தெரிவது கேமரா வைத்த இடத்தால். 360 லென்ஸில் எல்லாமே தள்ளிப்போனதாகத் தெரியும். ஹாலின் நடுவில் வைக்காமல் மேடையிலிருந்து 4, 5 மீட்டரில், நடுப்பாதையில் வையுங்கள். உயரம் 1.5 மீட்டர். டைனிங்கில் 1.2 போதும், இலை போட்ட மேசை உட்கார்ந்தவர் கண்ணில் படுவதுபோல் வரும். ஒரு லென்ஸ் மேடையை நேராகப் பார்க்கட்டும். இரண்டு லென்ஸின் படமும் ஒட்டும் இடம் கேமராவின் பக்கவாட்டில் வரும். அங்கே ஒரு மீட்டருக்குள் நாற்காலியோ குத்துவிளக்கோ இருந்தால் உடைந்து தெரியும்.

பட்டைக் கோடு எல்இடி, சீரியல் லைட்டால் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டுங்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) முடிந்தவரை குறைவாக. அப்படியும் கோடு போகாத மலிவு சீரியல் செட்டுகள் உண்டு, அவற்றை அணைத்துவிட்டே எடுங்கள். ஹெச்டிஆரில் (வெளிச்சம் கூட்டிக் குறைத்து எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை) எடுப்பதென்றால் எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். பல எக்ஸ்போஷர்களைச் சேர்ப்பதால் சுற்றும் இறக்கை பேய் உருவமாகப் பதியும். மணமகள் அறைக் கண்ணாடியில் டிரைபாட் தெரிகிறதா என்றும் பாருங்கள். அலங்காரம் முடிந்து விருந்தினர் வருவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் சரியான நேரம். யார் முகமும் பதியாது, அனுமதி கேட்கும் வேலையும் இல்லை.

மண்டபம்_பேஜ்:
மிக்க நன்றி. இன்ஸ்டாவுக்கு?

கோணம்360:
இன்ஸ்டாவில் சுழலும் போட்டோ கிடையாது. ஸ்வைப் செய்யும் கரோசலாக மாற்றுங்கள். 360 படத்தை அப்படியே வெட்டினால் மேலும் கீழும் இருப்பவை பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். ஹுகின் மென்பொருளில் திறந்து, புரொஜெக்‌ஷனை சிலிண்ட்ரிக்கல் (உருளையில் சுற்றிய படத்தை விரித்ததுபோல்) ஆக்கி, அகலக் கோணம் 150 டிகிரி, உயரக் கோணம் 57 வையுங்கள். தூண்கள் நேராக நிற்கும். 3240 × 1350-ல் எடுத்து, 1080 வீதம் மூன்றாக வெட்டுங்கள். நடுத் துண்டில் மேடை முழுதாக அமைய வேண்டும். முதல் துண்டின் வலது ஓரத்தில் ஏதாவது பாதியில் அறுந்து நின்றால்தான் அடுத்ததைத் தள்ளிப் பார்ப்பார்கள்.

ஊர்_வரைபடம்:
ஃபேஸ்புக்கை விட கூகுள் மேப்ஸுக்கு முதலிடம் கொடுங்கள் என்பேன். போஸ்ட் சில நாளில் கீழே போய்விடும், மேப்ஸில் மண்டபம் தேடுபவர் கண்ணில் படம் பட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தது 7.5 மெகாபிக்சல், 2:1 விகிதம், அடிவானத்தில், அதாவது படத்தின் நடு மட்டத்தில், இடைவெளி கூடாது. உங்கள் கேமராவுக்கு இது சாதாரணம். அந்தப் படத்தின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குடும்பத்தில் எல்லோரும் சுழற்றிப் பார்க்கலாம். ஃபைலை அனுப்பும் தலைவலியே இல்லை.

அளப்பதற்கு லைக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு போஸ்ட்டிலும் வாட்ஸ்அப் லிங்க் கொடுத்து, அதில் முன்கூட்டியே வாசகம் நிரப்புங்கள். சாதாரணப் போட்டோவுக்கு ‘மண்டபம் தேதி விவரம்’, 360-க்கு ‘மண்டபம் சுற்றிப் பார்த்தேன், தேதி விவரம்’. ஒரே ஹால், ஒரே கிழமை, ஒரே நேரம், அடுத்தடுத்த வாரம் போட்டு, தேதி கேட்டு வந்த மெசேஜை மட்டும் எண்ணுங்கள். ஒன்று முகூர்த்த மாதத்திலும் மற்றொன்று ஆடியிலும் விழுந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.