கடனாளிகளில் நின்றுபோன ஜெபம்

கணக்குக்காரன்:
ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம். அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு 11 மணி, கணக்கு ஒத்துவராமல் 2,700 உதைத்தது. மேலாளர் மூன்றாம் முறை கேட்டுவிட்டார். படிக்கட்டில் போய் உட்கார்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று வந்ததும் மனம் அப்படியே கடனாளிகள் பேரேட்டுக்குத் தாவிவிட்டது. ஒவ்வொரு பெயராக, பாக்கித் தொகையோடு ஓடுகிறது. ஐந்து வயதிலிருந்து சொல்லும் ஜெபம்! இருட்டில் தனியாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் கழுத்துப் பிடிப்பு விட்டது. ஆமென் சொல்லாமலே எழுந்து வந்தேன். அது ஜெபத்தில் சேருமா என்று இன்றுவரை உறுத்துகிறது.

இரவுப்பணி:
சேரும், அண்ணா. நான் செவிலியர். எங்களுக்குப் படிக்கட்டில் உட்காரவும் நேரம் கிடையாது. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும். 23-ஆம் சங்கீதத்தில் முதல் நான்கு வசனம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு விடியற்காலை, அப்போதுதான் ஒருவர் இறந்திருந்தார். ‘மரண இருளின் பள்ளத்தாக்கிலே’ என்ற இடத்தில் குரல் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். “இன்னொரு முறை சொல்லுங்கள் சிஸ்டர்” என்றாள். சொன்னேன். குழாயை மூட மறந்திருக்கிறேன்.

விடியல்ஜெபம்:
கணக்குக்காரன் சகோதரருக்கு ஸ்தோத்திரம். ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நானும் நெஞ்சுவலி என்று ஓடி இசிஜி எடுத்துப் பார்த்தவன்தான். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உங்கள் சிக்கல் ஜெபத்தில் இல்லை, 11 மணிவரை உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. யாத்திராகமம் 18-ஐப் படியுங்கள். மோசே காலைமுதல் மாலைவரை தனியாளாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவனை வைத்து வேலையைப் பிரித்துக் கொடு என்றார். ஆகவே முதலில் மேலாளரிடம் ஆள் கேளுங்கள். அடுத்து, கைப்பேசியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். காலை 4 மணிக்கு எழுந்து பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சலைத் திறக்கவே திறக்காதீர்கள். ஜெபக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தேதி போட்டு.

சூரைச்செடி:
ஐயா, 11 மணிக்கு வேலை முடிப்பவரை 4 மணிக்கு எழச் சொல்கிறீர்களே! அவர் யோசனை கேட்டதாகவும் தெரியவில்லை. ‘போதும் கர்த்தாவே’ என்று சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். நான் ராஜினாமாக் கடிதம் அடித்துக்கொண்டிருந்த அன்று, ஆலயத்தின் பக்கமே போகாத பக்கத்து மேசைக்காரர், ஒன்றும் பேசாமல் தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் நகர்த்தினார். அந்த மூடி திறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடிதத்தை அனுப்பவில்லை.

கணக்குக்காரன்:
விடியல்ஜெபம் ஐயா, ஆள் கேட்டேன், சிரித்தார்கள். 2,700 மறுநாள் காலை அகப்பட்டது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழைய பாடம். இரவில் அது நினைவுக்கே வரவில்லை. 5,800-ஐ 8,500 என்று பதிந்திருக்கிறேன். அதுவும் கடனாளிகள் பேரேட்டில்தான்.