நூலகம் திறந்திருக்கும்போதே விரிவாக்கப் பணி: எங்கள் அனுபவங்கள்

நூலகர்:
எங்கள் பல்கலைக்கழக நூலகத்தைப் புதுப்பித்து, பக்கவாட்டில் புதிய பகுதி ஒன்றையும் சேர்த்தார்கள். இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்கள் முதலில் தளத்தின் தாங்குதிறனைக் கேளுங்கள்.

முதல் வரைபடத்தில், பழைய மாடி வாசிப்பறையைத் தண்டவாளத்தில் நகரும் அலமாரிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இடைவழிகள் குறைவதால் அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நூல்கள் அடங்கும். எடையும் அப்படியே ஏறும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டமைப்புப் பொறியாளர்தான், "ஐயா, இது ஆட்கள் உட்கார்ந்து படிப்பதற்குப் போட்ட தளம்" என்று தடுத்தார். அமெரிக்கத் தரநிலையில் வாசிப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ சுமையைத் தாங்கினால் போதும். சாதாரண நூலடுக்குக்கே 700 கிலோவுக்கு மேல் வேண்டும். நகரும் அலமாரி அதையும் தாண்டும். அலமாரிகள் தரைத்தளத்துக்கு இறங்கின. ஜன்னல் வெளிச்சம் மாணவர்களுக்கே மிஞ்சியதில் எனக்குப் பெரும் நிறைவு. தரைத்தளத்தில் ஈரம்தான் கவலை. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சுவர் பூச்சு நன்றாக உலரும்வரை ஒரு நூலையும் உள்ளே விடவில்லை.

இடமாற்றத்துக்கு நூல்களை எண்ணாதீர்கள், அலமாரித் தட்டின் நீளத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். புதிய தட்டு ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் அடுத்து வாங்கும் நூல்களுக்காக மொத்த வரிசையையும் மறுபடி தள்ள நேரிடும். தள்ளுவண்டி ஒவ்வொன்றிலும் முதல் நூலின் பகுப்பெண்ணையும் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) கடைசி நூலின் பகுப்பெண்ணையும் எழுதி ஒட்டினோம்.

கான்கிரீட் அறுக்கும் தூசி பிளாஸ்டிக் விரிப்புக்குள்ளும் புகுந்துவிடுகிறது. நூலை இறுக மூடிப் பிடித்து, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி மென்மையான தூரிகையால் தள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் தூசி தாள்களுக்கிடையே இறங்கிவிடும்.

ஆய்வு மாணவி:
துளையிடும் சத்தத்தைவிட, தேடிப்போன பகுதி பூட்டிக் கிடப்பதுதான் எங்களை அலைக்கழித்தது. இன்று எந்தப் பகுதி மூடியிருக்கும் என்று வாசலில் காலையிலேயே எழுதி வைக்கத் தொடங்கிய பிறகு நிம்மதி. சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர்களே உள்ளே சென்று நூலை எடுத்து வந்தார்கள். அந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் என் நன்றி.

மற்றொரு நூலகர்:
தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் வைமார் நகரில் அன்னா அமாலியா நூலகம் 2004 செப்டம்பரில் தீப்பிடித்து, சுமார் 50,000 நூல்கள் அழிந்தன. சீரமைப்புக்காக நூல்களை வேறிடத்துக்கு மாற்றச் சில வாரங்களே இருந்தன. அதைப் படித்ததிலிருந்து, பழைய மின்கம்பிகளைத் துண்டிப்பதே முதல் வேலை என்று எங்கள் ஒப்பந்ததாரரிடம் பிடிவாதமாக நின்றேன். வெல்டிங் முடிந்த இடத்தில் ஒருவர் ஒரு மணி நேரமாவது காவல் இருக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கினேன். தூசி படியாமலிருக்கப் பகலில் புகை உணரிகளுக்கு உறை மாட்டுவார்கள். அதை மாலையில் கழற்றும் பொறுப்பை எவரேனும் ஒருவர் பெயரில் எழுதி, தினமும் கையொப்பம் வாங்குங்கள்.