2028-க்குள் நான்கு ஃப்ளாட்: எதில் முதலில் கை வைப்பது?

நாலுசாவி கேட்டது:
பாரிஸ் புறநகரில் எனக்கும் மச்சானுக்குமாக நான்கு ஃப்ளாட். வீட்டின் ஆற்றல் சான்றில், அதாவது டி.பி.இ.யில் (ஏ சிறந்தது, ஜி மோசம்), ஒன்று டி, ஒன்று இ, மேல்மாடி வீடு எஃப், 18 சதுர மீட்டர் ஸ்டூடியோ ஜி. ஜி வீட்டுக்கு 2025 ஜனவரி 1-இலிருந்து புது வாடகை ஒப்பந்தம் போடக்கூடாது. 2028-இல் எஃபுக்கும், 2034-இல் இ-க்கும் அதே தடை வரும். ஸ்டூடியோவைச் சாமான்களோடு ஒரு வருட ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறோம். செப்டம்பரில் அது தானாகப் புதுப்பிக்கும், அதற்கும் இந்தத் தடை பொருந்துமாம். கையில் ஒரு வீட்டு வேலைக்குத்தான் பணம் உண்டு. மச்சான் "ஜியை விற்றுத் தொலை" என்கிறார். எனக்கு மனசில்லை, நாலில் முதலில் கடன் முடிவது அதுதான். நேற்று ஜன்னல்காரர் வந்து அளவெடுத்துப் போனார். இரட்டைக் கண்ணாடி போட்டால் ஜி போய்விடுமா?

டேப்பும்டார்ச்சும்:
தம்பி, ஜன்னல்காரரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நான் இந்தச் சான்று போடுகிற ஆள்தான். உங்களுடையது எந்தத் தேதி? 40 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்கு 2024 ஜூலையில் அளவுகோலைத் தளர்த்தினார்கள். சுடுதண்ணீர்த் தொட்டி தின்கிற மின்சாரம் முழுதும் அந்த 18 மீட்டர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மின்சார ஹீட்டர் என்றால் இன்னொன்று: 2026 ஜனவரியில் சான்றுக் கணக்கில் மின்சாரப் பயன்பாட்டைப் பெருக்கும் எண் 2.3-லிருந்து 1.9 ஆனது. இரண்டுக்கும் மறுபடி ஆள் வரவேண்டாம். சான்றின் எண்ணை அதெம் என்கிற அரசு ஆற்றல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் புது எழுத்தோடு தாள் வரும், இலவசம்.

அப்புறம், பழைய பில்களைத் தேடுங்கள். சுவரை உடைத்துப் பார்க்கிற உரிமை எனக்கில்லை. உள்ளே இன்சுலேஷன் இருக்கிறதற்குக் காகிதம் இல்லையென்றால் கட்டடத்தின் வயதை வைத்துத்தான் கணக்குப் போடுவேன், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே வரும். ஒரு அம்மா பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து நாலாக மடித்த பில் ஒன்றை எடுத்து நீட்டினார்: 10 சென்டிமீட்டர் கிளாஸ்வூல். அந்த ஒரு தாளில் எஃப், இ ஆனது.

நாலுசாவி:
அண்ணா, 2023 சான்று, மின்சார ஹீட்டர். இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், எஃப் என்று வருகிறது! அப்படியென்றால் செப்டம்பர் பிரச்சினை இல்லை. மேல்மாடி வீடு கேஸ், அதற்கு இந்தச் சலுகை கிடையாது போல.

மூன்றாம்மாடி:
கிடையாது. பணத்தை அந்த வீட்டுக்கு வையுங்கள். ஆனால் மேல்மாடி என்றால் வெப்பம் போவது கூரை வழியாக, கூரை பொதுச் சொத்து. நான் எங்கள் கட்டடக் கவுன்சிலில் இருக்கிறேன். பொதுக்கூட்டம் வருடத்துக்கு ஒரு முறைதான், ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. கூரை இன்சுலேஷனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி சிந்திக்குக்கு, அதாவது கட்டடத்தை நிர்வகிப்பவருக்கு, இப்போதே பதிவுத் தபால் போடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, கூட்டக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்குள் முடிந்த வேலையைச் செய்துவிட்டு, கூரைக்கு நீங்கள் முயன்றும் மற்றவர்கள் மறுத்தார்கள் என்று காட்டினால், வாடகைக்காரர் வழக்குப் போட்டாலும் வேலையைச் செய் என்று நீதிபதி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வாடகை மட்டும் ஏறாது. எஃப், ஜி இரண்டுக்கும் 2022 ஆகஸ்டிலிருந்தே அது உறைந்துதான் கிடக்கிறது.

ஜன்னல் எப்போது மாற்றினாலும் காற்றோட்ட விசிறியையும் சேர்த்துப் பாருங்கள். நான் ஜன்னலை மட்டும் மாற்றினேன். முதல் குளிர்காலத்திலேயே அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, வாடகைக்காரர் தினம் ஒரு போட்டோ அனுப்பினார்.

நாலுசாவி:
தபால் நாளைக்குப் போகிறது. ஜன்னல்காரரிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன், முகம் தொங்கிப்போச்சு. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறாராம்.